விருந்தாளி முடிக்கட்டும்: ஜான் மெக்லாஃப்ளினின் சென்னை ஆல்பம் பற்றி

போன வருடம் எங்கள் கல்லூரிக் கலைவிழாவில் கிடார் வாசிக்க எனக்குப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். தனியாக வாசித்தால் எடுபடாது, கூட யாராவது இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. எங்கள் பனவடலிசத்திரத்தில், எங்கள் தெருவிலேயே ஒரு தவில்காரத் தாத்தா இருக்கிறார். சங்கரன்கோவில், தேவர்குளம் பக்கத்துக் கோயில் கொடைகளில் நாற்பது வருடத்துக்கு மேல் வாசித்தவர். அவரைக் கூப்பிட்டேன். ராக் கிடாரும் தவிலும் ஒரே மேடையில் என்றால் கூட்டம் எழுந்து ஆடும் என்பது என் கணக்கு.

தாத்தா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஏல பேராண்டி, நான் வாசிக்கணுமா, இல்ல பக்கத்துல நின்னா போதுமா?"

"வாசிக்கத்தான் தாத்தா. நடுவுல உங்களுக்கு எட்டு சுத்து இருக்கு" என்றேன் பெருமையாக.

நான் வாசித்தது ஃபோனில் முன்கூட்டியே செய்து வைத்திருந்த பின்னணி டிராக்கோடு. டிரம்ஸ், பேஸ் எல்லாம் அதற்குள் இருந்தன. அது யாருக்காகவும் நிற்காது. தாத்தா தன் இடம் வந்ததும் ஆரம்பித்தார். முதல் நான்கு சுற்று மெதுவாகக் கட்டினார். ஐந்தாவதில் வேகம் கூட்டினார். ஒரு கோர்வைக்குப் போகிறார் என்று எனக்கே புரிந்தது. ஒரு சொற்கட்டை மூன்று முறை வாசித்து, மூன்றாவது முறையின் கடைசி அடி தாளத்தின் எடுப்பில் வந்து விழுவதுதான் கோர்வை. அவர் இரண்டாவது முறையில் இருந்தபோது எட்டுச் சுற்று முடிந்துவிட்டது. டிராக் அடுத்த பகுதிக்குப் போனது. நான் தலையை ஆட்டி நிறுத்தச் சொன்னேன். நிறுத்திவிட்டார். கூட்டம் கைதட்டியது. என் பெயரைச் சொல்லிக் கத்தியது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தவிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மானூர் தாண்டிய பிறகுதான் பேசினார். "கையெல்லாம் தட்டுனாக. ஆனா நான் முடிக்கலயேல."

அவ்வளவுதான் சொன்னார். அதன்பிறகு பல நாள் எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தச் சமயத்தில்தான் ஒரு சீனியர் அண்ணன் பென் டிரைவில் கொடுத்த பாட்டுக் குவியலில் ஜான் மெக்லாஃப்ளினின் 'ஃப்ளோட்டிங் பாயிண்ட்' ஆல்பத்தைக் கேட்டேன். ஒரு கிடார்க்காரர் தன் பெயரில் ஆல்பம் போடும்போது, தான் மதிக்கும் கலைஞர்களைக் கூப்பிட்டால் அவர்களை எப்படி நடத்த வேண்டும் என்று எனக்குச் சொன்னது அந்த ஆல்பம்தான். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஆளைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. மெக்லாஃப்ளின் 1942-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1971-ல் அவர் தொடங்கிய மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா, ராக் இசையின் சத்தத்தையும் ஜாஸின் சிக்கலையும் ஒன்றாகப் போட்டு உருட்டிய குழு. மின்சார கிடாரை அந்த வேகத்தில் அதற்கு முன் கேட்டவர்கள் குறைவு. அந்தப் புகழின் உச்சத்தில் இருந்த காலத்தில், அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கற்பித்துக்கொண்டிருந்த டாக்டர் எஸ். ராமநாதனிடம் போய் வீணை கற்றுக்கொண்டார். பிறகு எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, விக்கு விநாயகராம் கடம் என்று 'சக்தி' குழு பிறந்தது. முதல் ஆல்பம் 1976-ல் வந்தது. நியூயார்க்கின் பெரிய அரங்குகளில் ஆளுயர ஆம்ப்ளிஃபயர்களுக்கு முன்னால் நின்று வாசித்தவர், கடத்துக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

உட்கார்ந்ததோடு நிற்கவில்லை, கிடாரையே மாற்றினார். நம் ஊர் ராகத்தை கிடாரில் வாசிப்பதில் ஒரு பெரிய தொல்லை, அந்தக் கழுத்தில் பதித்திருக்கும் உலோகக் கட்டைகள். ஒவ்வொரு கட்டையும் ஒரு சுரத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும். கமகமோ ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு நழுவி, அசைந்து, திரும்பி வருவது. வீணையிலும் கட்டைகள் உண்டு, ஆனால் தந்தியைப் பக்கவாட்டில் இழுக்க அங்கே தாராளமாக இடம் இருக்கிறது. அதனால் கட்டைகளுக்கு நடுவில் உள்ள மரத்தைக் குழிவாகச் செதுக்கிய கிடாரை அவர் வைத்துக்கொண்டார். விரல் மரத்தில் உராயாது, தந்தியை வேண்டிய அளவு இழுக்கலாம். ஒலித்துளைக்குக் குறுக்கே, சும்மா அதிர்ந்து சுருதி கொடுப்பதற்காகவே கூடுதல் தந்திகளும் கட்டினார்கள். அடுத்தவர் வாசிப்பதற்காகத் தன் கருவியைச் செதுக்கிக்கொண்ட ஆள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, ஆல்பத்துக்கு வருவோம். 'ஃப்ளோட்டிங் பாயிண்ட்' 2007-ல் சென்னையில் பதிவாகி 2008-ல் வெளிவந்தது. அட்டையில் மெக்லாஃப்ளின் பெயர்தான். உள்ளே போனால் ஒரு பெரிய பந்தியே நடக்கிறது. ரஞ்சித் பரோட் டிரம்ஸ், லூயிஸ் பேங்க்ஸ் கீபோர்டு, நம்ம சிவமணி தாளம், அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பிரெஞ்சுப் பையன் ஹாட்ரியன் ஃபெரோ பேஸ் கிடார். இவர்கள் அடித்தளம். மேலே வந்து போகிறவர்கள் ஷங்கர் மகாதேவன், புல்லாங்குழல் சஷாங்க், மாண்டலின் ஸ்ரீநிவாஸின் தம்பி யு. ராஜேஷ், சிதார் நிலாத்ரி குமார், ஸ்லைடு கிடார் தேவாஷிஷ் பட்டாச்சார்யா, சாக்ஸபோன் ஜார்ஜ் ப்ரூக்ஸ். ஒரு பாட்டின் பெயர் 'அப்பாஜி'. தபலா மேதை அல்லா ரக்காவுக்கான அஞ்சலி அது. சிறந்த தற்கால ஜாஸ் ஆல்பத்துக்கான கிராமி விருதுக்கு அந்த வருடப் பரிந்துரைப் பட்டியலில் இது இடம்பெற்றது.

பெயர்களைப் பார்த்தால் நம் தீபாவளி மலர் விளம்பரம் மாதிரி இருக்கிறது, இல்லையா? எனக்கும் முதலில் அப்படித்தான் சந்தேகம். பெரிய பெயர்களை அடுக்கினால் பெரிய ஆல்பம் ஆகிவிடும் என்று நினைத்துப் போட்டு, கேட்டால் ஒன்றுமில்லாமல் போன முயற்சிகள் எத்தனையோ. ஆனால் கேட்கக் கேட்க ஒரு விஷயம் புரிந்தது. இந்த ஆல்பத்தில் வருகிற விருந்தாளி ஒவ்வொருவரும் தான் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் போகிறார். யு. ராஜேஷின் மாண்டலின் வருகிற பாட்டைக் கேளுங்கள். நடுவில் எட்டுச் சுற்று நம் ஊர் வாசனை காட்டிவிட்டுப் போகிற சமாச்சாரம் இல்லை அது. அவர் ஆரம்பிக்கிறார், வளர்க்கிறார், தடுமாறினாலும் பரவாயில்லை என்று ஓர் இடத்துக்குத் தாவுகிறார், வந்து இறங்குகிறார். கீழே ரஞ்சித் பரோட்டின் டிரம்ஸ் அவர் போகிற திசையைப் பார்த்துப் பார்த்துத் திரும்புகிறது. டிராக் இல்லை, ஆட்கள். ஆட்கள் காத்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு மெக்லாஃப்ளின் வாசிக்கும்போது கவனித்தால் இன்னொன்றும் தெரியும். வந்தவருக்குத் தகுந்தபடி அவருடைய வாசிப்பும் மாறுகிறது. குரலோடு இருக்கும்போது சொற்றொடர்கள் மூச்சு விடுகின்றன. மாண்டலினோடு இருக்கும்போது சின்னச் சின்னதாக உடைகின்றன. விருந்தாளி போன பிறகும் அவர் விட்டுப்போன ஏதோ ஒன்று வீட்டுக்காரர் கையில் இருக்கிறது.

என்னைப் பொறுத்தவரை இந்த மாதிரி ஆல்பங்களை எடைபோட இரண்டு கேள்வி போதும். விருந்தாளியை முடிக்க விட்டார்களா? விருந்தாளி வந்ததால் வீட்டுக்காரர் மாறினாரா?

இந்த இரண்டு கேள்வியை மற்ற ஆல்பங்களிடமும் கேட்டுப் பார்த்தேன். கன்ஸ் என் ரோஸஸ் புகழ் ஸ்லாஷ் 2010-ல் தன் பெயரையே வைத்து ஓர் ஆல்பம் போட்டார். ஓஸி ஆஸ்போர்ன், இகி பாப், லெம்மி, கிறிஸ் கார்னெல், ஃபெர்கி என்று பாட்டுக்குப் பாட்டு பாடகர் மாறுவார். எனக்குப் பிடித்த ஆல்பம்தான். பாடகர்கள் முழுப்பாட்டையும் பாடுகிறார்கள், அதனால் முதல் கேள்வியில் ஸ்லாஷ் பாஸ். இரண்டாவதில் எனக்குச் சந்தேகம். பாட்டுகள் வந்தவருக்கேற்ற சட்டையைப் போட்டுக்கொள்கின்றன, கிடார் மட்டும் அதே தொப்பியோடு நிற்கிறது. ஆனாலும் ஒரு நல்லது நடந்தது. அதில் பாட வந்த மைல்ஸ் கென்னடி அதன்பிறகு ஸ்லாஷுடைய குழுவிலேயே பாடகராகத் தங்கிவிட்டார்.

கார்லோஸ் சந்தானாவின் 'சூப்பர்நேச்சுரல்' (1999) இன்னும் பெரிய பந்தி. ஒரே இரவில் சந்தானாவுக்கு 8 கிராமி வாங்கிக் கொடுத்தது. அதில் பல பாட்டுகளில் சந்தானாவே விருந்தாளி மாதிரி வந்து போகிறார் என்று சொன்னால் அவருடைய ரசிகர்கள் என்னை அடிக்க வருவார்கள். ஆனால் எனக்கு அப்படித்தான் கேட்கிறது.

இதற்கு நேர் எதிராக, ரை கூடர் என்ற அமெரிக்க கிடார்க்காரரும் ஜெய்ப்பூரின் விஸ்வமோகன் பட்டும் சேர்ந்து வாசித்த 'எ மீட்டிங் பை த ரிவர்' (1993). பழக்கமே இல்லாத இருவர் ஒரு தேவாலயத்தில் உட்கார்ந்து வாசித்தது. அட்டையில் இரண்டு பெயரும் இருக்கும். யார் வீட்டுக்காரர், யார் விருந்தாளி என்று கடைசி வரை சொல்ல முடியாது. கிராமியும் கிடைத்தது.

நம்மவர் ஒருவரையும் சொல்ல வேண்டும். ராணிப்பேட்டையில் பிறந்து, சென்னை ஐஐடியில் படித்து, பிறகு பாஸ்டனில் பெர்க்லி இசைக்கல்லூரிக்குப் போன பிரசன்னா, 2006-ல் 'எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்' போட்டார். ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் 'எலெக்ட்ரிக் லேடிலேண்ட்' (1968) ஆல்பத்தின் பெயரை வைத்து விளையாடிய தலைப்பு அது. அதில் ஒரு பாட்டின் பெயரில் திருவல்லிக்கேணியே வருகிறது! கர்நாடகத் தாள வாத்தியங்கள் அதில் ராக் கிடாருக்கு அலங்காரமாக இல்லாமல் முதுகெலும்பாக இருக்கின்றன. ஹெண்ட்ரிக்ஸ் ஆல்பத்திலும் விருந்தாளிகள் உண்டு என்பது கூடுதல் தகவல். 'வூடூ சைல்' என்ற நீளமான பாட்டில் ஸ்டீவ் வின்வுட் ஆர்கனும் ஜாக் கசாடி பேஸும் வாசித்தார்கள். அந்தப் பாட்டு கால் மணி நேரம் ஓடும். அவசரமே இல்லை.

மெக்லாஃப்ளினுக்கு இந்தப் பக்குவம் எங்கிருந்து வந்தது? அவரே ஒரு காலத்தில் விருந்தாளியாக இருந்திருக்கிறார், அதனால்தான் என்று நினைக்கிறேன். 1969-ல் அவர் அமெரிக்கா போனதும் டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸ் அவரைக் கூப்பிட்டார். 'பிட்சஸ் ப்ரூ' என்ற அந்தப் புகழ்பெற்ற ஆல்பத்தில் ஒரு பாட்டுக்குப் பெயரே 'ஜான் மெக்லாஃப்ளின்'. அந்தப் பாட்டில் மைல்ஸ் வாசிக்கவே இல்லை. அட்டையில் பெயர் போட்டிருக்கிற ஆள் டிரம்பெட்டைக் கீழே வைத்துவிட்டு, புதிதாக வந்த பையனை வாசிக்க விட்டு, பாட்டுக்கு அவன் பெயரையே வைத்துவிட்டார். அப்படி ஒரு வீட்டில் சாப்பிட்டவனுக்குப் பின்னால் பரிமாறத் தெரியாமல் போகுமா?

இதெல்லாம் வெள்ளைக்காரர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டிய விஷயமா என்று கேட்டால், இல்லை. நம் ஊரிலேயே இதற்கு ஒரு பெயர் இருக்கிறது: ஸ்பெஷல் தவில். நாகஸ்வரக் கச்சேரி நோட்டீஸ்களில் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். நாகஸ்வர வித்வானின் பெயர் பெரிதாக இருக்கும், கீழே 'ஸ்பெஷல் தவில்' என்று போட்டு வலங்கைமான் சண்முகசுந்தரம், அரித்துவாரமங்கலம் பழனிவேல் போன்றவர்கள் பெயர் இருக்கும். நாகஸ்வரக்காரர் தன் செட்டுத் தவிலோடு நிறுத்தாமல், தான் மதிக்கும் ஒருவரை வெளியூரிலிருந்து வரவழைப்பார். வந்தவருக்குத் தனி ஆவர்த்தனம் விடுவார். தவில் நீண்டுகொண்டே போகும், நாகஸ்வரக்காரர் கையில் வாத்தியத்தை வைத்துக்கொண்டு தாளம் போட்டபடி ரசித்துக்கொண்டிருப்பார். கச்சேரி யார் பெயரில் நடக்கிறதோ அவர் சும்மா இருக்கிற அந்த நேரம்தான் பல பேருக்குக் கச்சேரியின் உச்சம். எங்கள் பக்கத்து மண்ணின் காருகுறிச்சி அருணாசலத்தை விடிய விடியக் கேட்ட தாத்தாக்கள் இன்னமும் அவரோடு தவில் வாசித்தது யார் என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள்.

ஆக, தாத்தா என்னிடம் கேட்ட "வாசிக்கணுமா, நின்னா போதுமா" என்ற கேள்வி சாதாரணக் கேள்வி இல்லை. அவர் எந்த மரபிலிருந்து வருகிறாரோ அதில் கூப்பிட்டால் முடிக்க விடுவார்கள். நான் கூப்பிட்டேன், முடிக்க விடவில்லை.

எதிர்க்கேள்வி ஒன்று உண்டு, நண்பர்களே கேட்டார்கள். "இத்தனை பேர் வாசித்த ஆல்பத்துக்கு ஏன் அட்டையில் ஒரு பெயர்? சென்னைக்கு வந்து நம் ஆட்களை வைத்து வாசித்துவிட்டு கிராமி பட்டியலில் அவர் பெயர் போகிறது. இது சுரண்டல் இல்லையா?" நியாயமான கேள்விதான். என் பதில் பாதிதான் இருக்கிறது. பாட்டுகளை எழுதியது அவர், நன்றாக வராவிட்டால் திட்டு வாங்கப்போவதும் அவர். அந்தப் பொறுப்புக்கு ஒரு பெயர் போதும். 'சக்தி' மாதிரி எல்லோரும் சேர்ந்து கட்டிய குழுவுக்கு அவர் குழுப்பெயர்தான் வைத்தார். ஜாகிர் உசேன் 2024 டிசம்பரில் மறைவதற்கு முன், அந்தக் குழுவின் 'திஸ் மொமென்ட்' அதே வருடத் தொடக்கத்தில் கிராமி வாங்கியபோது மேடையேறியது குழுதான். மேலும் உறவு ஒருபக்கமாகவும் இல்லை. ரஞ்சித் பரோட் தன் 'படா பூம்' ஆல்பத்தைப் போட்டபோது மெக்லாஃப்ளின் போய் விருந்தாளியாக வாசித்தார். பிறகு பரோட் அவருடைய 'ஃபோர்த் டைமென்ஷன்' குழுவிலேயே சேர்ந்தார்.

இதைக் கேட்கிற நாம் ஒரு முறை நம் சினிமாப் பாட்டுகளையும் பார்க்க வேண்டும். நாம் தினமும் முணுமுணுக்கிற பாட்டில் அந்த கிடாரை வாசித்தது யார் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? கேசட் காலத்தில் பாடகர் பெயரோடு நின்றுவிடும். ஏ.ஆர். ரஹ்மான் வந்த பிறகுதான் வாத்தியக்காரர்கள் பெயரை உறையில் போடுவது பரவியது. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986) ஆல்பத்தைக் கேட்டவர்கள் வி.எஸ். நரசிம்மனின் வயலினை மறக்க முடியாது, ஆனால் அதே நரசிம்மன் வாசித்த எத்தனையோ சினிமாப் பாட்டுகள் அவர் பெயர் இல்லாமலே நம் காதில் ஓடுகின்றன. அட்டையில் ஒரு பெயர் இருப்பது எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. உள்ளே வாசித்தவரின் பெயர் எங்குமே இல்லாமல் போவதுதான் குறை.

'ஃப்ளோட்டிங் பாயிண்ட்' குறையே இல்லாத ஆல்பம் என்று சொல்ல வரவில்லை. மெக்லாஃப்ளின் அதில் கிடார் சிந்தஸைசரை நிறையப் பயன்படுத்துகிறார். கிடாரின் தந்தி அதிர்வதை வேறு ஒலியாக மாற்றித் தருகிற கருவி அது. பல இடங்களில் கிடாரா கீபோர்டா என்று குழப்பம் வருகிறது. தேவாஷிஷின் ஸ்லைடு கிடார் ஒரு மீட்டில் உருக்கிவிடும்போது, பக்கத்தில் அந்த மின்னணு ஒலி கொஞ்சம் பிளாஸ்டிக் பூ மாதிரி இருக்கிறது. வேகமும் சில சமயம் அதிகம். முதல் தடவை கேட்பவர்களுக்கு மூச்சு முட்டும். இரண்டாவது தடவை ஒருவரை மட்டும் பிடித்துக்கொண்டு கேளுங்கள். நான் டிரம்ஸை மட்டும் பிடித்துக்கொண்டு கேட்டேன், வழி தெரிந்தது.

இந்த வருடக் கொடை முடிந்த மறுநாள் மத்தியானம், கிடாரை எடுத்துக்கொண்டு தாத்தா வீட்டுக்குப் போனேன். ஃபோனை வீட்டிலேயே வைத்துவிட்டேன். "தாத்தா, அன்னைக்கு நிறுத்துனதுல இருந்து வாசிங்க" என்றேன். சிரித்தார். விரல்களில் கூடு மாட்டாமல் சும்மா கையாலேயே ஆரம்பித்தார். நான் ஒரே சுரத்தில் தாளத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றேன். அதுவே கஷ்டமாக இருந்தது. இரண்டாம் காலம் போனதும் நான் விட்டுவிட்டேன். அவர் நிறுத்தவில்லை, நான் மறுபடி வந்து சேரும் வரைக்கும் அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தார். பிறகு கோர்வை வைத்தார். மூன்று முறை. மூன்றாவது எடுப்பில் விழுந்தபோது நானும் சரியாக அங்கே இருந்தேன்.

"இப்பதாம்ல முடிஞ்சுது" என்றார்.

எங்கள் ஊர்ப் பெயரிலேயே ஒரு சத்திரம் இருக்கிறது. ஒரு காலத்தில் வழிப்போக்கர்கள் தங்கிய இடமாக இருந்திருக்க வேண்டும். சத்திரத்தில் வந்தவரைப் பாதிச் சாப்பாட்டில் எழுப்பமாட்டார்கள். நான் எழுப்பிவிட்டேன். ஏதாவது ஒரு நாள் என் பெயரில் ஓர் ஆல்பம் வந்தால், அதில் தாத்தாவுக்கு எட்டுச் சுற்று இருக்காது. அவருக்கு வேண்டிய அளவு இருக்கும். அந்தப் பாட்டில் நான் வாசிக்காமல் தாளம் போட்டுக்கொண்டிருந்தாலும் சரி.

உங்களுக்குத் தெரிந்த ஆல்பங்களை இந்த இரண்டு கேள்வியும் கேட்டுப் பாருங்கள். யார் யாரை முடிக்க விட்டார்கள் என்று தெரிந்துவிடும்.